அலுமினியப் படகில் விரிசலும் அரிப்பும்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

படகு ஒரு டெம்போவில் வந்தது. கவிழ்த்துப் போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். பதினான்கு அடி நீளம். குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்திருந்தவர் பழையதாக வாங்கிய படகு. "நடுவுல சின்ன ஓட்டைங்கண்ணா. ஒரு ஒட்டு வெச்சுக் குடுத்தீங்கன்னா சாயங்காலம் எடுத்துட்டுப் போயிருவேனுங்க" என்றார்.

அடித்தகட்டின் நடுவில் எம்-சீல் மூன்று அடுக்கு அப்பியிருந்தது. உளி வைத்துச் சுரண்டினேன். அதற்குக் கீழே ஓட்டையே இல்லை, தகடு நன்றாகத்தான் இருந்தது. விரிசல் அங்கிருந்து இரண்டரை அடி முன்னால், உட்காரும் பலகையின் தாங்கி அடித்தகட்டோடு சேரும் மூலையில். அங்கே புகுந்த தண்ணீர் உள்ளே சரிந்து ஓடி நடுவில் தேங்கியிருக்கிறது. தேங்கிய இடத்தை ஓட்டை என்று நினைத்து ஒரு வருடமாக நல்ல தகட்டுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்.

கோவையை அடுத்த சூலூரில்தான் என் பட்டறை. இங்கே படகுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. நொய்யல் தண்ணீர் வந்து சேரும் பெரிய குளமும் சின்னக் குளமும் இருக்கும் ஊர் இது. அதைவிட முக்கியம், அலுமினியத் தகட்டைப் படிக்கத் தெரிந்தவர்களின் ஊர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை விமானங்களுக்குச் சூலூரில் தளம் இருந்தது. இன்று இந்திய விமானப்படையின் 5-ஆம் எண் பேஸ் ரிப்பேர் டிப்போ இங்கேதான். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர்தான் எனக்கு இந்த வேலையில் கண் திறந்தவர். விமானத் தோலும் படகுத் தோலும் ஒரே இனம் என்பார். மெல்லிய தகடு, ஓயாத அதிர்வு, ஈரம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி கொச்சிக்குப் போனால், 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய அலுமினியப் படகுகளே ஓடுகின்றன. நம் பக்கம் பரிசலும் ஃபைபர் படகும்தான் அதிகம். அலுமினியம் அரிது. அரிது என்பதாலேயே இரும்புக்குச் செய்கிற வைத்தியத்தை அதற்கும் செய்துவிடுகிறார்கள். பாதிச் சேதம் அதனால் வருவது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மைதான். வெட்டிய முகத்தில் காற்றுப் பட்ட உடனேயே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் படர்ந்து உலோகத்தைக் காக்கும். உப்பும் புளிப்பும் காரமும் அந்தத் தோலை உடைத்துவிடும். வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். இட்லிக் குண்டானில் உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரை அடிக்கடி இரவு முழுக்க விட்டுவைத்தால் அடியில் வெள்ளைப் புள்ளி பூக்கும். நாளாக ஆக அந்தப் புள்ளி ஊசித் துளையாகும். புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் வைக்காதே என்று வீட்டில் சொல்வதும் இதற்காகத்தான். படகிலும் இதே கதை. இரும்பு போலப் பரவலாகத் தேயாது. ஒரு புள்ளியில் இறங்கிக் குழி பறிக்கும், சுற்றிலும் தகடு புதுசு போல மின்னும்.

பழுதைத் தேடும்போது

செய்யுங்கள்: முதலில் படகை வெறும் தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். சேறு அப்பிய தகட்டில் விரிசல் தேட முடியாது.

செய்யாதீர்கள்: சலவை சோடா, ஆசிட், பிளீச்சிங் பவுடர், அடுப்புச் சாம்பல் எதுவும் வேண்டாம். சோடாவும் சாம்பலும் காரம். அலுமினியத்தைக் கருக்கித் தின்னும். இரும்புக் கம்பி பிரஷ்ஷும் கூடாது. தேய்க்கும்போது இரும்புத் துகள் தகட்டில் பதிந்துவிடும், பிறகு ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒரு குழி விழும். அலுமினியத்துக்கென்றே தனியாக ஒரு ஸ்டெயின்லெஸ் பிரஷ் வாங்கி, அதன் மேல் பெயர் எழுதி வையுங்கள். அதை வேறு எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது.

செய்யுங்கள்: படகுக்குள் தண்ணீர் ஊற்றி வெளியே பாருங்கள். ஒழுகும் இடத்தைக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை. உள்ளிருந்து வெளியே வரும்போது தண்ணீர் விரிசலின் வாயிலேயே முத்து முத்தாக நிற்கும். அடித்தகட்டின் வெளிப்பக்கம் ஈரம் இல்லாமல் துடைத்து, சுண்ணாம்புக்கட்டியைத் தடவிவிட்டால் ஈரம் பட்ட இடம் உடனே கறுத்துக் காட்டும். சோதனை முடிந்ததும் அதைக் கழுவிவிடுங்கள்.

செய்யாதீர்கள்: விளிம்பு வரை நிரப்பாதீர்கள். மூன்று மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் உள்ள அடிப்பரப்பில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 360 லிட்டர், அதாவது 360 கிலோ. படகு வெளியிலிருந்து தண்ணீர் தாங்கக் கட்டியது. உள்ளே தண்ணீரைச் சுமக்கக் கட்டியதல்ல. இரண்டு டயரின் மேல் தூக்கி வைத்து நிரப்பினால் புது விரிசலை நீங்களே உண்டாக்குவீர்கள். நடு முதுகெலும்பு நெடுகக் கட்டை கொடுத்துத் தாங்கி, கணுக்கால் அளவோடு நிறுத்துங்கள்.

செய்யுங்கள்: ஒழுகாத விரிசலையும் தேடுங்கள். அதற்குத்தான் டை பெனட்ரன்ட் சோதனை, பட்டறையில் சிவப்பு ஸ்ப்ரே என்போம். சந்தேகப்படும் இடத்தில் பெயிண்டை நீக்கித் துடைத்து, சிவப்புத் திரவத்தை அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை, பொதுவாகப் பத்திலிருந்து இருபது நிமிடம், விட்டுவிடுங்கள். பிறகு துணியில் கிளீனரை நனைத்துத் துடைக்க வேண்டும். தகட்டின் மேல் நேராகக் கிளீனர் அடித்தால் விரிசலுக்குள் போன சிவப்பும் கழுவிக்கொண்டு போய்விடும். கடைசியில் வெள்ளை டெவலப்பர். அடித்த உடனே ஒன்றும் தெரியாது. சற்றுப் பொறுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் போன்ற வெள்ளையில் தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு எழும். மெல்ல ஊறி அகலமாகும். கண்ணால் இரண்டு அங்குலம் என்று நினைத்த விரிசல் மூன்றரை அங்குலமாக நிற்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

செய்யாதீர்கள்: விரிசலின் முனையைப் பென்சிலால் குறிக்காதீர்கள். பென்சில் கரி அலுமினியத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் பேட்டரி போல வேலை செய்து அந்தக் கோட்டிலேயே அரிப்பு தொடங்கும். ஊசியால் கீறவும் கூடாது. கீறலே அடுத்த விரிசலுக்கு வழி. மார்க்கர் பேனா போதும். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் விமானத் தகட்டில் பென்சில் வைக்கக் கூடாது என்பது அந்தப் பெரியவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

விரிசல் எங்கே வரும்? நட்ட நடுத் தகட்டில் அரிது. மெலிந்ததும் விறைப்பானதும் சேரும் இடத்தில் வரும். விலாக் கம்பி முடியும் முனை, வெல்டிங்கின் ஓரம், உட்காரும் பலகையின் கால், மோட்டார் மாட்டும் பின்பலகையின் இரண்டு மூலைகள். டிரெய்லரில் படகு உட்காரும் இடத்தையும் விடாதீர்கள். ரிவெட் அடித்த படகென்றால் ஒவ்வொரு ரிவெட் தலையையும் விரலால் தொட்டு அசைத்துப் பாருங்கள். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பு மை வழிந்தது போலத் தெரிந்தால் அது அழுக்கல்ல. தளர்ந்த ரிவெட் துளையில் ஆடி ஆடி அரைத்துத் தள்ளிய அலுமினியப் பொடி.

அரிப்பைக் கையாளும்போது

செய்யுங்கள்: வெள்ளைப் பொடி கண்ட இடத்தில் பொடி முழுவதும் போய் பளிச்சென்ற உலோகம் தெரியும் வரை சுத்தம் செய்யுங்கள். பெயிண்ட் கொப்புளித்திருந்தால் குத்தித் திறந்து பாருங்கள், அடியில் அரிப்பு இருக்கும். குழியின் ஆழத்தை அளந்து தகட்டின் கனத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு மி.மீ. தகட்டில் அரை மி.மீ. வரையான தனிக் குழி என்றால் சுத்தம் செய்து, அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் அடித்து, எப்பாக்சியால் நிரப்பலாம். அதைத் தாண்டினாலோ, குழிகள் கொத்தாக இருந்தாலோ அந்தப் பகுதியை வெட்டி மாற்றுவதுதான் சரி. இது என் பட்டறைக் கணக்கு. ஆள் ஏற்றும் படகு என்றால் இன்னும் கறாராகவே இருப்பேன்.

செய்யாதீர்கள்: குழியைச் சுத்தம் செய்யாமல் மேலே மாவு பூசி மறைக்காதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரமும் உப்பும் காற்றில்லாமல் இன்னும் வேகமாக அரிக்கும்.

செய்யுங்கள்: குழி ஏன் வந்தது என்று கேளுங்கள். குத்தகைக்காரரின் படகில் காரணத்தைத் தேடியபோது பலகைக்கு அடியில் ஒரு சாக்கு கிடைத்தது. வழுக்காமல் இருக்கப் போட்டது. வருடக்கணக்கில் ஈரம் காயாமல் ஒட்டியே கிடந்திருக்கிறது. சாக்கின் நெசவு அச்சு அப்படியே தகட்டில் வெள்ளையாகப் பதிந்திருந்தது. ஈரச் சாக்கு, கயிற்றுப் பாய், இலைச் சேறு, தாமிர உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்திய பலகை எல்லாம் ஒரே வேலையைச் செய்யும்.

செய்யாதீர்கள்: பித்தளை வால்வு, செம்புக் குழாய், சாதா இரும்பு போல்ட் எதையும் நேராக அலுமினியத்தில் மாட்டாதீர்கள். ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டால் இளைத்தது அழியும். இங்கே இளைத்தது அலுமினியம். ஸ்டெயின்லெஸ் போல்ட் தவிர்க்க முடியாதது என்றால் நைலான் வாஷரும் சீலன்ட்டும் கொடுத்துத் தொடாமல் பிரியுங்கள். மடியிலிருந்து தவறி விழுந்த ஐந்து ரூபாய் நாணயம் அடித்தகட்டில் கிடந்தாலும் குழி விழும். செம்பு கலந்த அடிப் பெயிண்டும் ஈயம் கலந்த செந்தூர பிரைமரும் இரும்புக்கு ஆகலாம், அலுமினியத்துக்கு ஆகாது. பாதரசம் மட்டும் கிட்டவே வரக்கூடாது. பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்து ஒரு சொட்டு விழுந்தாலே கீறல் வழியாகப் புகுந்து, காக்கும் தோல் மறுபடி படரவிடாமல் தகட்டைப் பொடியாக்கும்.

குளத்திலேயே கட்டிப்போடும் படகுக்குத் தன்னை அழித்துக்கொண்டு தகட்டைக் காக்கும் ஆனோடு மாட்டலாம். நல்ல தண்ணீருக்கு மெக்னீசியம், கடலுக்குத் துத்தநாகம் அல்லது அலுமினிய ஆனோடு. அதன் மேல் பெயிண்ட் அடித்துவிட்டால் மாட்டியும் பயன் இல்லை. பேட்டரி வைத்திருந்தால் நெகட்டிவ் வயரைப் படகு உடலில் கொடுக்காமல் இரண்டு வயரையும் தனியாக இழுங்கள். கார் பழக்கத்தில் உடலை எர்த்தாக்கிவிடுகிறார்கள், கசியும் மின்சாரம் சில வாரங்களிலேயே தகட்டைத் துளைத்துவிடும்.

விரிசலை மூடும்போது

செய்யுங்கள்: விரிசலின் இரு முனையிலும், சிவப்புக் கோடு முடியும் இடத்துக்குச் சற்று அப்பால், மூன்று மி.மீ. துளை போடுங்கள். ஊசி போன்ற முனையில் குவியும் விசை வட்டத் துளையில் பரவிவிடும், விரிசல் அதற்கு மேல் ஓடாது. இது நிறுத்தி வைக்கும் வேலை மட்டுமே. துளை போட்டுவிட்டு அப்படியே தண்ணீரில் இறக்குவதற்கு அல்ல.

செய்யுங்கள்: வெல்டிங் என்றால் ஏசி மின்னோட்டத்தில் டிக், சுத்தமான ஆர்கான். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். தோலை நீக்காமல் பற்றவைத்தால் உள்ளே கூழாகி மேலே பிடிக்காமல் நிற்கும். அதனால் பெயிண்ட், எண்ணெய், பழைய சீலன்ட், ஆக்சைடு எல்லாம் போக வேண்டும், ஈரம் கட்டாயம் போக வேண்டும். ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் பற்றில் தேன்கூடு போலத் துளைகளை விட்டுவிடும். விரிசலை வி வடிவில் அடி வரை திறந்து நிரப்புங்கள்.

செய்யாதீர்கள்: கையில் கிடைத்த ராடைப் போடாதீர்கள். படகுத் தகடு பெரும்பாலும் மெக்னீசியம் கலந்த 5052, 5083, 5086 வகை. 5356 ராடு இவற்றோடு சேரும். பம்பு உடல் வார்ப்புக்குக் கோவைப் பட்டறைகளில் நிறையப் புழங்கும் 4043 சிலிக்கான் ராடை 5083-இல் போட்டால் பற்று சீக்கிரம் நொறுங்கும். ரிவெட் படகில் ரிவெட் வரிசையை ஒட்டி வெல்டிங் வைப்பதும் வேண்டாம். சூட்டில் சீலன்ட் எரிந்து, ஒரு கசிவை மூடப்போய் பத்துக் கசிவு திறக்கும். என்ன கலவை என்றே தெரியாத தகடென்றால் ரிவெட் ஒட்டுதான் நல்லது.

செய்யுங்கள்: ஒட்டுத் தகடும் படகின் கலவையாகவே, அதே கனத்தில் இருக்கட்டும். மூலைகளை நன்றாக வட்டமாக வெட்டுங்கள். 1954-இல் இரண்டு காமெட் விமானங்கள் கடலில் விழுந்தன. அந்த ரக விமானத்தின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்திச் சோதித்தும், மீட்ட பாகங்களை ஆராய்ந்தும், திறப்புகளின் மூலைகளில் விசை குவிந்து விரிசல் கிளம்பியதைக் கண்டுபிடித்தார்கள். கூர்மூலை ஒட்டும் அப்படித்தான். இரண்டு தகட்டுக்கும் நடுவே பாலியூரித்தேன் சீலன்ட் பூசி, இரண்டு வரிசையாக மாற்றி மாற்றி ரிவெட் அடியுங்கள். விளிம்பிலிருந்து ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி, ஒன்றுக்கொன்று நான்கு மடங்கு இடைவெளி. நான்கு மி.மீ. ரிவெட் என்றால் எட்டும் பதினாறும். பாப் ரிவெட் போட வேண்டி வந்தால் முனை மூடிய ரகம் வாங்குங்கள், சாதாரணம் நடுத்துளை வழியே ஒழுகும்.

செய்யாதீர்கள்: விமானத் தகடு, ரொம்ப உறுதி என்று யாராவது கொடுத்தால் ஒட்டாகப் போடாதீர்கள். விமானத்தில் வரும் 2024 கலவையில் செம்பு இருக்கிறது. மேலே பூச்சு இல்லாமல் குளத்தில் கிடந்தால் படகுத் தகட்டைவிட வேகமாக அரிக்கும். கூரைத் தகடும் ஏசிபி ஷீட்டும் பேச்சுக்கே இல்லை.

ஒட்டு வைப்பதில் தவறினால் என்ன நேரலாம் என்பதற்கு ஒரு கதை சொல்லித்தான் ஆக வேண்டும். 1978-இல் ஒசாகாவில் இறங்கும்போது ஒரு போயிங் 747 வாலைத் தரையில் உரசியது. பின்பக்க அழுத்தத் தடுப்பைச் சரிசெய்தபோது, ஒரே துண்டாகப் போயிருக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டார்கள். வெளியே பார்த்தால் வரிசை வரிசையாக ரிவெட். சுமை தாங்கியது ஒரே வரிசை. ஏழு வருடம் பறந்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று அந்த இடம் கிழிந்து, ஜப்பான் ஏர்லைன்ஸ் 123-இல் இருந்த 524 பேரில் 520 பேர் இறந்தார்கள். ஒட்டு அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், சுமை எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். குத்தகைக்காரரின் படகில் விரிசல் வந்தது தகடு மோசம் என்பதால் அல்ல. பலகையின் தாங்கியில் பின்பக்கத் திருகு தளர்ந்து, உட்காருபவரின் முழு எடையும் ஒரே மூலையில் இறங்கியிருந்தது. தாங்கியைச் சரிசெய்யாமல் விரிசலை மட்டும் மூடியிருந்தால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்தது கிளம்பியிருக்கும்.

உயிர் சம்பந்தப்பட்டவை

பிரேக் கிளீனர் போன்ற குளோரின் கலந்த சால்வென்டால் துடைத்த தகட்டில் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். ஆர்க்கின் சூட்டிலும் வெளிச்சத்திலும் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும். அசிட்டோன் போதும், அதுவும் முழுக்க ஆவியான பிறகே தீயைக் கிட்டே கொண்டுவர வேண்டும். தளத்துக்கு அடியில் மிதப்புக்கு அடைத்த ஃபோம் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பற்றினால் புகையே ஆளைச் சாய்க்கும். பெட்ரோல் டேங்க்கைப் படகிலிருந்து இறக்குங்கள். பேட்டரியையும் மோட்டாரையும் கழற்றிவிட்டு எர்த் கிளாம்பை வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே கடியுங்கள். இரும்பு தேய்த்த கிரைண்டரின் அடியிலேயே அலுமினியமும் தேய்க்காதீர்கள். துருப் பொடியும் அலுமினியப் பொடியும் கலந்து பொறி பட்டால் கட்டுக்கடங்காமல் எரியும். அலுமினியப் பொடியில் தீப் பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த மணலைக் கொட்டுங்கள்.

வேலை முடிந்ததும் மறுபடி தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். முதல் ஐந்து ஓட்டத்துக்குப் பிறகு அதே இடத்தில் சிவப்பு ஸ்ப்ரே அடியுங்கள். மோட்டார்ப் பின்பலகையின் இரண்டு மூலையும் விரிந்து, அடித்தகட்டிலும் குழி கொத்தாக இருந்தால் ஒட்டுக்குச் செலவழிக்காதீர்கள். எடைக்குப் போட்டுவிடுங்கள். அப்படி நான் திருப்பி அனுப்பிய படகுகள் உண்டு, வருத்தம் இல்லை.

பட்டறைப் பக்கமே வராதவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு ஒன்றே ஒன்று. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் விமானத்தின் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. தகடு சேரும் இணைப்பில் அரிப்பும் ரிவெட் துளைகளில் விரிசலும் இருந்தன. விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். ஏறும்போதே கதவுக்குப் பக்கத்தில் விரிசலை ஒரு பயணி பார்த்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. படகில் ஏறும்போது உங்கள் கண்ணில் ஒரு கோடு பட்டால், காலடியில் காயாத ஈரம் தெரிந்தால், ஓட்டுபவரிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள்.